நமது கொழும்பு நிருபர்

நாகர்கோவிலில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், என்னை அறிமுகம் செய்பவர் 'சர்ச்சைக்குரிய செய்தியாளர்' என்றுதான் தொடங்குவார். இலங்கைப் போரைப் பற்றி எழுதியதால் வந்த பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். போரைப் பற்றி எழுதியபோது வசைக் கடிதங்கள் வந்தன. அவற்றை ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போக முடிந்தது. ஒரு பெயரையும் ஒரு தொகையையும் ஒரே வாக்கியத்தில் எழுதியபோதுதான் வக்கீல் நோட்டீஸ் வந்தது. என் ஆசிரியரைப் பார்க்க ஆட்கள் சென்னைக்குப் போனதும் அப்போதுதான். வெளிநாட்டிலிருந்து எழுதும் நிருபருக்கு அரசியல் ஒரு பக்கம், வணிகம் இன்னொரு பக்கம் என்று பத்திரிகை பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. என் தொழில் வாழ்க்கையின் சண்டைகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

பிறந்து வளர்ந்தது கீரிப்பாறையில். பூதப்பாண்டியும் தடிக்காரன்கோணமும் தாண்டி மலை தொடங்கும் இடம். எங்களுக்கு மேலே காளிகேசம், அதற்கு மேலே காடு. அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே மரத்தடிக்குப் போய்விடுவாள். அப்பாவுக்குப் பால் அளக்கும் வேலை. பக்கெட்டில் வரும் பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, அதில் எத்தனை சதவீதம் உலர் ரப்பர் என்று பார்த்து ஏட்டில் குறிப்பார். மழைக்காலத்தில் பால் கூடுதலாகத் தெரியும், ரப்பர் குறைவாக இருக்கும். பக்கெட் நிறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களிடம் அப்பா, "பால அளந்து என்ன ஆவ, அதுல சரக்கு எவ்வளவுன்னுல்லா பாக்கணும்" என்பார். பின்னாளில் அமைச்சரவை முடிவுகளையும் நிறுவனங்களின் அறிக்கைகளையும் அதே கண்ணோடுதான் படித்தேன்.

எங்கள் ஊர் ரப்பருக்கு விலை எங்கள் ஊரில் நிர்ணயமாவதில்லை. ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருக்கிறது. அங்கிருந்து அன்றன்றைக்கு விலை அறிவிப்பு வரும். அந்தக் கோட்டயத்துச் சந்தையே பாங்காக்கையும் சிங்கப்பூரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2011 ஏப்ரலில் ஒரு கிலோ ஷீட் 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. இடையில் கீரிப்பாறையில் மரமும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. சீனாவின் டயர் ஆலைகளும் கச்சா எண்ணெய் விலையும் தென்கிழக்கு ஆசியாவில் புதிதாக வளர்ந்து வந்த தோட்டங்களும் சேர்ந்து செய்த வேலை அது. வெளிநாட்டுச் செய்தி என்பது தூரத்துச் செய்தி என்று நினைக்கும் ஆசிரியர்களிடம் இதைத்தான் சொல்லி வாதாடுவேன்.

இலங்கையையும் நான் கீரிப்பாறையில்தான் முதலில் தெரிந்துகொண்டேன். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மலையகத் தமிழரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1948-ல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கிய மக்களை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு அரசுகள் பங்கிட்டன. கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்தத் தோட்டங்களை வைத்துத்தான் 1984-ல் அரசு ரப்பர் கழகம் உருவானது. பக்கத்து வீட்டில் குடியேறிய அக்கா பதுளைப் பக்கம் கொழுந்து கிள்ளியவர். அவர் பேச்சில் லயம் (வரிசை வீடு), பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), கங்காணி, செக்ரோல் (வருகைப் பதிவேடு) எல்லாம் வரும். "கொழுந்து கொறஞ்சா அரப்பேருதான் புள்ள. முழுப்பேரு போட மாட்டாங்க" என்பார். ஒரு நாள் கூலியை அங்கே 'பேர்' என்பார்கள். சம்பளக் கணக்கைப் பற்றிய என் முதல் பாடம் அது.

1998-ன் கடைசியில் பத்திரிகையின் நிருபராகக் கொழும்புக்குப் போனேன். அந்த டிசம்பர் 28-ல்தான் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் படிக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, எங்கள் அலுவலகத்தில் அதை யாரும் அவசரமாக நினைக்கவில்லை. அவர்களுக்குப் போர் நடந்த வன்னியிலிருந்து செய்தி வேண்டும். வன்னிச் செய்தியும் கொடுத்தேன். மாலை நேரங்களில் பின்னிணைப்புகளைப் படித்தேன். எந்தப் பொருளுக்கு எத்தனை டன் வரி விலக்கு என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும்.

என் காலை வேலை இப்படி இருக்கும். வீரகேசரியும் தினக்குரலும் முதலில். பிறகு ஆங்கிலப் பத்திரிகைகள். சிங்களம் கற்றுக்கொண்ட பிறகு லங்காதீபவும் திவயினவும். ஒரே சம்பவம் மூன்று மொழிகளில் மூன்று விதமாக வந்திருக்கும். எதை எந்த மொழிப் பத்திரிகை விட்டுவிட்டது என்று பார்த்தால் அன்றைய வேலைக்கு ஒரு தடயம் கிடைக்கும். அடுத்து அரச வர்த்தமானி (அரசிதழ்), அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் கோப் குழுவின் அறிக்கைகள், பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், தேயிலை ஏலத் தரகர்களின் வாராந்தர அறிக்கை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883-லிருந்து நடக்கிறது. அந்த அறிக்கையை வாராவாரம் படிக்கிற அரசியல் நிருபரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதைப் படிக்காமல் மலையக அரசியலை எழுத முடியாது என்பது என் உறுதியான கருத்து.

மலையகத் தோட்டங்களை 1970-களில் அரசு எடுத்துக்கொண்டது. 1992-ல் நிர்வாகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தது. அதற்குப் பிறகு தோட்டச் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. 2013 ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் 'நாள் சம்பளம் 620 ரூபாய்' என்று எழுதின. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் 450. விலைப் பங்கு 30. மீதி 140 வருகைப்படி. வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்கு மட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் கூடுதலாக வீட்டிலிருந்த பெண்ணுக்கு அந்த மாதம் முழுக்க நாளொன்றுக்கு 480 ரூபாய்தான். சேமலாப நிதியும் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே பிடிக்கப்பட்டது. ஓய்வு பெறும்போது கையில் வரும் தொகை அதனால் சுருங்கும். இதையெல்லாம் அட்டவணை போட்டு எழுதினேன். தொழிலாளர் பக்கம் கையெழுத்துப் போட்ட சங்கங்களின் தலைவர்கள் சிலர் அரசாங்கத்திலும் பதவியில் இருந்தார்கள் என்பதை மூன்றாவது பத்தியில் எழுதினேன். அட்டவணையை யாரும் மறுக்கவில்லை. மூன்றாவது பத்திக்குத்தான் கோபம். இந்தியாவிலிருந்து வந்து மலையகத் தமிழரின் ஒற்றுமையைக் குலைக்கிறாள் என்றார்கள். ஹட்டனிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "அக்கா, அந்தக் கணக்க தமிழ்ல பெருசா போட்டு அனுப்புங்க, பிரட்டுக் களத்துல ஒட்டப் போறோம்" என்றார். அன்றே அனுப்பினேன்.

கிளிநொச்சியில் 2002 ஏப்ரல் 10-ல் நடந்த செய்தியாளர் சந்திப்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் நிருபர்கள் வந்திருந்தார்கள். ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிய கேள்விக்கு விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் அதைத் துன்பியல் சம்பவம் என்று சொன்னதுதான் மறுநாள் தலைப்பு. என் மனம் வந்த வழியிலேயே நின்றது. ஏ9 சாலை அப்போதுதான் மீண்டும் திறந்திருந்தது. அதில் யாழ்ப்பாணம் போகும் சரக்கு லாரிகளிடம் புலிகள் வரி வசூலித்தார்கள். சாலை மூடிக் கிடந்த ஆண்டுகளிலோ, தடைப் பட்டியலும் கப்பல் அனுமதியும் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு ஒவ்வொரு சோப்புக் கட்டியிலும் லாபம் இருந்தது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினேன். லண்டனிலிருந்து வந்த கடிதம் என்னைத் துரோகி என்றது. கொழும்பில் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் என்னைப் புலிகளின் ஆள் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் மட்டும் என் விலைப்பட்டியலில் சீனி விலை தவறிப்போன இடத்தைக் காட்டி, அவருடைய பழைய பில் புத்தகத்தையே எடுத்துத் தந்தார்.

ஆனால் வசைக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லாமல் என் சர்ச்சைகளைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. வெளிநாட்டு நிருபரை ஓர் அரசு செய்யக்கூடியது விசாவை ரத்து செய்வது. பிரிட்டிஷ் நிருபர்கள் சிலர் அப்படி இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நிருபர் மேரி கொல்வின் 2001-ல் வன்னியிலிருந்து போர்முனை எல்லையைக் கடக்கும்போது ஒரு கண்ணை இழந்தார், அது அபூர்வம். உள்ளூர் நிருபரின் நிலை வேறு. பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டிலேயே சுடப்பட்டார். 'தராக்கி' என்ற பெயரில் எழுதிய சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே அவர் உடல் கிடந்தது. மிக்-27 விமானக் கொள்முதலில் பணம் எப்படிப் போனது என்று தன் பத்திரிகையில் எழுதவைத்த லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 காலையில் அலுவலகம் போகும் வழியில் கொல்லப்பட்டார். மூன்று கொலைகளிலும் யாரும் தண்டிக்கப்படவில்லை. டெல்லிக்கும் லண்டனுக்கும் போன எத்தனையோ செய்திகளின் முதல் வரி இவர்களைப் போன்றவர்களிடமிருந்து கிடைத்தது. பெயர் எங்களுக்குப் போனது. வெளிநாட்டு நிருபரின் துணிச்சல் என்று யாராவது என்னை மேடையில் புகழ்ந்தால் எனக்கு வயிறு எரியும்.

இனி மிளகு. என் எழுத்தில் மிக அதிகமாகச் சண்டை கிளப்பியது இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

2016 வாக்கில் வடசேரியில் ஒரு வியாபாரி, என் அப்பாவின் பழைய சிநேகிதர், போனில் கூப்பிட்டார். "மக்ளே, நம்ம மலை நல்லமிளவ கேக்க ஆளில்ல. சிலோன் மிளவுன்னு கப்பல் கப்பலா எறங்குகு. நீ அங்கதான இருக்க, அந்த ஊர்ல அவ்வளவு மிளவு வெளையுதா?" கேள்வி சரியான கேள்வி. மாத்தளை, கண்டி, மாத்தறை என்று இலங்கையில் நல்ல மிளகு விளைகிறது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சாறு எடுக்கும் ஆலைகள் அதை விரும்பி வாங்கும். வணிக ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். அதற்கு மேல் போனாலும் சாஃப்டா என்ற தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீதம்தான் வரி. வியட்நாமிலிருந்து நேராக வந்தால் அப்போது 50 சதவீதத்துக்கு மேல். வியட்நாம்தான் உலகில் மிக அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு, விலையும் மலிவு. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே கப்பல் எந்த வழியாக வரும் என்று தெரிந்துவிடும்.

தெரிவது வேறு, அச்சில் போடுவது வேறு. கொழும்புத் துறைமுகத்தில் வியட்நாம் மிளகு இறங்கிய கணக்கு ஒரு துறையிடம் இருந்தது. இலங்கை மிளகு என்று விளைவிடச் சான்றிதழ் கொடுத்த கணக்கு இன்னொரு துறையிடம். தூத்துக்குடியிலும் கொச்சியிலும் இறங்கிய கணக்கு இந்தியாவிடம். மூன்றையும் மாதவாரியாக அடுத்தடுத்து வைக்க வேண்டும். சரக்குக் கப்பல் முகவர்களின் அலுவலகங்களில் நின்று பழகினேன். மிளகை அள்ளிப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லக்கூடிய தரம் பிரிப்பவர் ஒருவரோடு பழைய சோனகத் தெருக் கிடங்குகளைச் சுற்றினேன். கடைசியில் சான்றிதழ் விவரங்களை ஒருவர் தந்தார்.

கட்டுரை வந்ததும் கொழும்பில் ஓர் ஏற்றுமதி நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. இலங்கையின் பெயரைக் கெடுக்க இந்திய வியாபாரிகள் எழுதவைத்தது என்று ஒரு சாரார் சொன்னார்கள். கேரளத்தில் ஒரு கூட்டத்தில் நேர் எதிராக, இந்த ஒப்பந்தத்தால் லாபம் பார்த்த இந்திய இறக்குமதியாளர்களைப் பற்றி எதற்கு எழுதினாய் என்று கேட்டார்கள். கொள்கலனை அனுப்பியவர் ஒரு நாட்டில் இருந்தால் வாங்கியவர் இன்னொரு நாட்டில் இருக்கத்தானே செய்வார்? இரண்டு பேரையும் எழுதினேன். மாத்தளையில் மிளகு வைத்திருந்த சிறு விவசாயியும் வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் போவதை எதிர்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மறு ஏற்றுமதிக்கு வந்த சரக்கு அவருடைய மிளகின் நல்ல பெயரையும் விலையையும் சேர்த்துத் தின்றது. கீரிப்பாறையில் மரத்தில் கொடி ஏற்றியிருந்தவருக்கும் அவருக்கும் நஷ்டம் ஒன்றே. 2017 டிசம்பரில் இந்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. அது என் கட்டுரையால் நடந்ததல்ல. விவசாயிகளும் மிளகு வியாபாரிகளும் நெடுநாள் கொடுத்த அழுத்தம் அது.

ஆவணத்தின் மேல் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. சித்ரா சுப்ரமணியம். ஜெனீவாவிலிருந்து எழுதிய தமிழ்ப் பெண். 1986 மார்ச் 24-ல் இந்தியா 410 பீரங்கிகளை 1,437 கோடி ரூபாய்க்குப் போஃபர்ஸ் நிறுவனத்திடம் வாங்க ஒப்பந்தம் போட்டது. 1987 ஏப்ரல் 16-ல் சுவீடன் வானொலி லஞ்சம் கைமாறியதாகச் சொன்னது. அதோடு நின்றிருந்தால் அது ஒரு வானொலிச் செய்தி. சித்ரா சுவீடனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அலைந்து வங்கித் தாள்களையும் நாட்குறிப்புக் குறிப்புகளையும் கொண்டுவந்தார். என். ராமும் அவரும் 'தி இந்து'வில் அவற்றை ஆவணங்களாகவே வெளியிட்டார்கள். 1989-ல் அந்தப் பத்திரிகை தொடரை நிறுத்தியபோது வேறு பத்திரிகைக்குப் போய்த் தொடர்ந்தார். அவரை எதிரிக் கட்சியின் ஆயுதம் என்றார்கள். 2004-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மறைந்த ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. கார்கில் போரில் அதே பீரங்கிகள் நன்றாகச் சுட்டன. ஆகவே எல்லாம் வீண் கூச்சல் என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் எனக்குப் புரியவே இல்லை. பீரங்கி நல்ல பீரங்கி என்பது, அதற்கு யார் யாருக்குத் தரகு போனது என்ற கேள்விக்குப் பதிலாகுமா?

அவரிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. ஆவணம் கொடுத்தவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. சுவீடனில் வழக்கை விசாரித்த காவல் அதிகாரி ஸ்டென் லின்ட்ஸ்ட்ரோம், 2012 ஏப்ரலில், தானே முன்வந்து அடையாளத்தை வெளியிட்டார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தப் பெயர் ஒரு பெண்ணின் வாய்க்குள் பத்திரமாக இருந்தது. ராஜீவ் லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை, மூடிமறைத்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று லின்ட்ஸ்ட்ரோம் சொன்னார். இரண்டு தரப்புக்கும் பிடிக்காத பதில்.

2022-ல் நான் ஓய்வை நெருங்கியிருந்தேன். ஏப்ரல் 12-ல் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூலை 9-ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். உலகத் தொலைக்காட்சிகள் நீச்சல் குளத்தில் குளித்தவர்களைக் காட்டின. அதற்கு ஒரு மாதம் முன்பு கோப் குழுவில் நடந்ததை அவற்றில் பல கவனிக்கவில்லை. மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் வலியுறுத்துவதாகத் தன்னிடம் ஜனாதிபதி சொன்னார் என்று மின்சார சபைத் தலைவர் சாட்சியம் சொன்னார். ஜனாதிபதி கோட்டாபய மறுத்தார். சொன்னவர் வாபஸ் வாங்கினார், பிறகு பதவி விலகினார். சாட்சியத்தை எழுதினேன், மறுப்பை எழுதினேன், வாபஸை எழுதினேன். இந்தியர் ஒருவர் இதை எழுதலாமா என்று கொழும்பில் இருந்த நம் ஊர்க்காரர்களே கேட்டார்கள். சொந்த நாட்டைப் பற்றிய செய்தி வெளிநாட்டுக் குழுவின் கூட்டத்தில் வந்து விழுந்தால் அதை எடுப்பதற்குத்தானே அந்த ஊரில் எனக்கு வாடகை கொடுத்து வைத்திருந்தார்கள்?

இப்போது கீரிப்பாறைக்கே வந்துவிட்டேன். போன மாதம் நாகர்கோவிலிலிருந்து ஒரு இளம்பெண் பார்க்க வந்தாள். மஸ்கட்டுக்கு நிருபராகப் போகிறாள். எங்கள் மாவட்டத்துக் கடற்கரைக்காரர்களும் நர்சுகளும் நிறைய இருக்கும் ஊர். "அக்கா, பேப்பர் குடுக்கிய ஆளுகிட்ட மொதல்ல என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். மொதல்ல சொல்லாத, கேளு என்றேன். இந்தத் தாள் எத்தனை பேர் கையில் இருக்கிறது, இது வெளியே வந்தால் சந்தேகம் எத்தனை பேர் மேல் விழும், அவருடைய விசாவுக்கு ஸ்பான்சர் யார், பாஸ்போர்ட் யார் கையில். ஒருவர் மேல் மட்டும்தான் சந்தேகம் விழும் என்றால், அதே விவரம் இன்னும் இரண்டு இடத்தில் கிடைக்கும்வரை அச்சில் ஏற்றக் கூடாது. அவர் தந்த தாளின் படத்தை அப்படியே போடக் கூடாது. ஓரத்தில் இருக்கும் பிரதி எண்ணும் பேனாக் குறியும் போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள். விவரத்தைத் திரும்ப டைப் செய்து போடு. சம்பள ஒப்பந்தம் அரபியில் இருந்தால், கம்பெனி தரும் மொழிபெயர்ப்பை நம்பாமல் வெளியே ஆள் வைத்துப் படித்துக்கொள். உள்ளூர் நிருபர் உதவினால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பெயர் போடட்டுமா வேண்டாமா என்று கேள். இரண்டில் எது பாதுகாப்பு என்று அவருக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆட்களின் பெயரை மட்டும் நோட்டில் எழுதிவிடாதே என்றேன்.